அம்மா அப்பா, பிள்ளைகளோடு இங்கிலாந்தில் பத்து நாள்: லண்டன், யார்க், மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

வட இங்கிலாந்துக்குக் குடிவந்த பிறகு, கோடை வந்தால் போதும், என் வீட்டிலிருந்தோ மனைவி வீட்டிலிருந்தோ யாராவது ஊரிலிருந்து வந்துவிடுவார்கள். முதல் தடவை அப்பா, அம்மா வந்தபோது ஆர்வக்கோளாறில் ஏழு நாளில் ஆறு ஊர் காட்டினேன். கிளம்புகிற அன்று "என்னப்பா பார்த்தீங்க?" என்று கேட்டால், "ஆறு ஸ்டேஷன் பார்த்தேன், நல்லா கட்டியிருக்கான்" என்றார். அதற்கப்புறம்தான் திட்டம் போடும் விதத்தையே மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், ஒரு உருப்படியான சாப்பாடு, அதிலும் சாப்பாட்டை எங்கே, எத்தனை மணிக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுற்றித்தான் பார்க்கும் இடத்தைப் பொருத்துவது. நான்கு முறை இப்படிச் செய்து பார்த்துவிட்டேன், யாரும் சண்டை போடவில்லை. சரி, அதுவே பெரிய விஷயம்தான்.

படி 1: மாதமும் பாதையும்

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் முழுக்க இங்கே பள்ளி விடுமுறை, அறை வாடகை ஏறிவிடும், கூட்டமும் ஏறிவிடும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே மாதங்களில்தான் என்பதால், மே மாதம் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது (மே கடைசி வாரம் மட்டும் இங்கே பருவத்தின் நடுவில் வரும் பள்ளி விடுமுறை, அதைத் தவிர்க்கலாம்). ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், கிறிஸ்துமஸ் அன்று ரயில் கிடையாது.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம்தான். அது கைக்கு வந்த பிறகு ரயில் டிக்கெட்டை எடுங்கள்.

பாதை இப்படி: லண்டனில் மூன்று இரவு, யார்க்கில் இரண்டு, மான்செஸ்டரில் மூன்று, பர்மிங்காமில் இரண்டு, பிறகு லண்டன் வந்து விமானம். லிவர்பூலுக்கு மான்செஸ்டரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், பெட்டியைத் தூக்க வேண்டாம். பெட்டி தூக்கும் நாள்களைக் குறைப்பதுதான் இந்தப் பாதையின் சூட்சுமம்.

படி 2: ரயில்

5 முதல் 15 வயது வரை உள்ள ஒரு பிள்ளையாவது கூட வந்தால், ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு வாங்கிவிடுங்கள். 35 பவுண்ட், ஒரு வருடம் செல்லும், போனிலேயே வந்துவிடும், சுற்றுலா வருகிறவர்களும் வாங்கலாம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர் வரை ஒரே அட்டையில் போகலாம். பெரியவர்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகள் கட்டணத்தில் 60 சதவீதமும் குறையும். 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். லண்டன் சுற்றுவட்டாரத்தில் வார நாள் காலை நெரிசலில் இந்த அட்டை செல்லாது, அதனால் ரயிலைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா பாட்டிக்கும் அதுதான் தோது.

அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் போட்ட ரயிலில்தான் ஏற முடியும், தவறவிட்டால் மறுபடி காசு. முன்பதிவில் மேசை உள்ள நான்கு இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், புளியோதரை டப்பாவை வைக்க இடம் வேண்டுமே. ரயிலில் சொந்தச் சாப்பாடு சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பயணம் வேண்டாம். தண்டவாள வேலை என்று சொல்லிப் பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவது அன்றைக்குத்தான் அதிகம் நடக்கும்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், யார்க்கிலிருந்து மான்செஸ்டர் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து லிவர்பூல் முக்கால் மணி நேரம்.

படி 3: தங்குமிடம், அடுப்பு, பாட்டில்

ஓட்டல் அறையைவிட சமையலறையோடு கூடிய சின்ன ஃபிளாட் எடுங்கள். காலையில் தோசை வேண்டாம், ஒரு ரசம் சாதம் இரவில் கிடைத்தால் அப்பா மறுநாள் பத்தாயிரம் அடி நடப்பார். ஒரு எச்சரிக்கை: இங்கே எல்லா வீட்டிலும் கூரையில் புகை அலாரம் இருக்கும். காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டதும் கட்டடமே அலறும். என் மாமியார் பயந்துபோய் கரண்டியோடு படிக்கட்டில் இறங்கி ஓடியிருக்கிறார். தாளிப்பதற்கு முன் அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஊரிலிருந்து இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டுவரலாம். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி, மட்டன் ஊறுகாய் எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், லண்டன் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, யாரும் எழுதாத விஷயம். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஆளுக்கொரு காலி பாட்டில் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரயில் நிலையங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கழிப்பறை இலவசம்.

படி 4: மெனுவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

யார்க்‌ஷயரில் ஒரு கடையில் மாட்டிறைச்சி சாப்பிடாத என் அம்மாவுக்கு வெறும் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சூடாக, தடிமனாக, மேலே உப்பும் வினிகரும். அம்மா பாதிப் பொட்டலத்தைச் சாப்பிட்டு "நம்ம வீட்டு உருளைக்கிழங்கு வறுவலைவிட மணமா இருக்கேடா" என்றபோதுதான் கவுன்டருக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தேன்: பீஃப் டிரிப்பிங்கில் பொரித்தது. அதாவது மாட்டுக் கொழுப்பு. வடக்கே, குறிப்பாக யார்க்‌ஷயரில், மீனும் சிப்ஸும் அதில் பொரிப்பதுதான் பழைய வழக்கம், அதுதான் ருசி என்று பெருமையாகவே எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் மறைக்கவில்லை, நான்தான் பார்க்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மிச்சத்தை நானே தின்று முடித்தேன். இப்போதும் சொல்லவில்லை. ஆகவே, எந்தச் சிப்ஸ் கடையிலும் முதல் கேள்வி: வெஜிடபிள் ஆயிலா, டிரிப்பிங்கா? எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் ஏராளம், கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை, பால் இரண்டும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் வீகன் என்று எழுதியதைத்தான் எடுக்க வேண்டும், அதில் பாலும் இருக்காது என்பதுதான் சின்ன நஷ்டம். யார்க்‌ஷயர் புட்டிங் என்பது இனிப்பே இல்லை. மாவு, முட்டை, பால் கரைத்து, கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி அடுப்பில் உப்ப வைத்தது. பிளாக் புட்டிங் என்றால் ரத்தம் சேர்த்த பன்றி சாசேஜ், பெயரைப் பார்த்து பிள்ளைக்குச் சாக்லேட் புட்டிங் என்று வாங்கிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்து மின்ஸ் பை என்ற பேஸ்ட்ரியில், பெயர் கொத்துக்கறி மாதிரி இருந்தாலும், கறி கிடையாது, உலர்ந்த பழம்தான், ஆனால் சூயட் என்ற மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். பார்மசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைப்பது, அதனால் பாஸ்தாவுக்கு மேல் தூவ வருகிறவரைத் தடுத்துவிடுங்கள்.

சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்கு ஆபத்பாந்தவன் ஜாக்கெட் பொட்டேட்டோ. பெரிய உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, நடுவில் பிளந்து, வெண்ணெயும் பீன்ஸும் போட்டுத் தருவார்கள். எந்தச் சின்ன கஃபேயிலும் உண்டு. நம் பொடியைக் கொஞ்சம் மேலே தூவிப் பாருங்கள், அப்புறம் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். வேர்க்கடலை, எள், பால், முட்டை உட்பட 14 பொருள்கள் சேர்ந்திருந்தால் கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். கதவில் ஒட்டியிருக்கும் பச்சை, கறுப்பு ஸ்டிக்கரில் 0 முதல் 5 வரை சுத்தத்துக்கான மதிப்பெண் இருக்கும். இங்கிலாந்தில் அதை ஒட்டுவது கட்டாயம் இல்லை, அதனால் ஸ்டிக்கரே காணோம் என்றால் நான் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன்.

காசு மிச்சம் பிடிக்க இரண்டு வழி. மது விற்கும் எந்த உணவகத்திலும் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தந்தாக வேண்டும், "டேப் வாட்டர்" என்று சொல்லுங்கள், வெறும் வாட்டர் என்றால் பாட்டில் வந்துவிடும். லண்டன் பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் விருப்பப்பட்டால் கொடுப்பதுதான், மேலே தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம்.

நேரம் ரொம்ப முக்கியம். மதியம் பன்னிரண்டுக்கே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரை, மூன்றுக்குப் பல சமையலறைகள் மூடிவிடும், மறுபடி ஐந்தரைக்குத்தான். பப் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், பிள்ளைகளோடு பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம்தான் பல பப்கள், இரவு எட்டு ஒன்பதுக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பல இடங்களில் நாம்தான் கவுன்டருக்குப் போய் ஆர்டர் கொடுக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வடக்கே யாராவது "டீக்கு வாங்க" என்று கூப்பிட்டால், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். அங்கே டீ என்றால் இரவுச் சாப்பாடு.

படி 5: லண்டன், குறைவாக

லண்டனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மூன்றே விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு போனால் ட்யூப் என்ற சுரங்க ரயிலும் பஸ்ஸும் இலவசம். பெரியவர்களுக்குத் தனித்தனி கார்டோ போனோ வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது. சுற்றிப் பார்க்கும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல், டிராஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் சிவப்பு பஸ்ஸில் ஏறி, மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்தால் செயின்ட் பால்ஸ் தாண்டி லண்டன் டவர் வரை போகலாம்.

இரண்டு, பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம் மூன்றும் இலவசம். பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் நேச்சுரல் ஹிஸ்டரி மட்டும் போதும். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே 25 மீட்டர் நீலத் திமிங்கல எலும்புக்கூடு பாய்கிற மாதிரி தொங்கும். நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்று, சாப்பாடு. வயிறு நிறைய வேடிக்கை பார்க்க பரோ மார்க்கெட், திங்கள்கிழமை கிடையாது, விலை கொஞ்சம் கடி. நாக்கு செத்துப்போனவர்களுக்கு ஈஸ்ட் ஹாம். ட்யூபில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் இட்லி, தோசை, பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் கடைகளில் கொத்து ரொட்டி, இடியாப்பமும் சொதியும். அம்மாவுக்குக் கோயில் வேண்டும் என்றால் 1986இல் திறந்த ஹைகேட் முருகன் கோயில். பெயரில் ஹைகேட் இருப்பதற்கு ஏற்ற மாதிரி மேட்டில்தான் இருக்கிறது, முருகனுக்கு எங்கே போனாலும் குன்று கிடைத்துவிடுகிறது.

படி 6: யார்க், நிதானமாக

ஐந்து ஊர்களில் குடும்பத்தோடு சுற்ற எனக்குப் பிடித்தது இதுதான். எல்லாம் நடக்கும் தூரம். அங்கே போனால் முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும்: வைக்கிங்குகள் பேசிய மொழியில் "கேட்" என்றால் தெரு, அதனால் தெருப் பெயர்கள் எல்லாம் கேட்டில் முடியும். கோட்டை வாசலுக்குப் பெயர் "பார்". அப்போ பார் எங்கே என்று கேட்டால், அதுதான் பப்.

முதல் நாள் மதியம் வந்து இறங்கியதும் ரயில் மியூசியம், ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே. இலவசம். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடி, நீராவி இன்ஜின்களில் சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நீல நிறத்தில் நிற்கிறது. ஜப்பான் புல்லட் ரயிலின் முன்பெட்டியும் உண்டு, உள்ளே ஏறி உட்காரலாம். அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்றால் அன்றைய மாலையை மறந்துவிடுங்கள்.

மறுநாள் காலை, சாப்பிட்ட கையோடு கோட்டைச் சுவர். மொத்தம் மூன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, முழுக்க நடக்க வேண்டாம். பூத்தம் பாரில் ஏறி மங்க் பாரில் இறங்கினால் போதும், மின்ஸ்டர் தேவாலயம் தோட்டங்களுக்குப் பின்னால் தெரியும் அழகான துண்டு அது. காசு கிடையாது. ஆனால் உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடி இல்லை, துறுதுறு பிள்ளையின் கையை விடாதீர்கள். சுவரில் படிக்கட்டு ஏற முடியாத பாட்டிக்குக் கீழே பெஞ்சில் வெயில்.

மின்ஸ்டர் 1220இல் தொடங்கி 1472இல் முடித்தது. உள்ளே டிக்கெட் உண்டு. கிழக்கு ஜன்னலை மட்டுமாவது பாருங்கள், ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்குக் கண்ணாடி ஓவியம், 1408இல் முடிந்தது. டிக்கெட் வேண்டாம் என்றால் மாலை ஈவன்சாங் வழிபாட்டுக்குப் போகலாம், இலவசம், பாட்டுக் குழு பாடும்போது அந்த உயரத்தில் குரல் சுற்றிச் சுற்றி வரும். சின்னக் குழந்தை சிணுங்கும் நேரமாக இருந்தால் வேண்டாம்.

மதியம் ஷாம்பிள்ஸ் தெரு. மேல்மாடிகள் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி சாய்ந்திருக்கும். ஒரு காலத்தில் கசாப்புத் தெரு, கறி தொங்கவிட்ட கொக்கிகள் சில கடைகளுக்கு வெளியே இன்னும் இருக்கின்றன. பக்கத்திலேயே யார்க்‌ஷயர் புட்டிங்கைச் சப்பாத்தி மாதிரி தட்டையாக்கி, உள்ளே கோழியோ காய்கறியோ வைத்துச் சுருட்டி, கிரேவியோடு தருவார்கள். கையில் பிடித்துக் கடித்தால் கிரேவி முழங்கை வரை ஓடும், நாப்கின் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி: கிட்கேட் இந்த ஊரில்தான் பிறந்தது, 1935இல், வேறு பெயரில்.

படி 7: மான்செஸ்டரும் லிவர்பூலும்

மான்செஸ்டரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை ஓல்ட் டிராஃபர்டுக்கு அனுப்புவேன். டிராமில் ஏறும்போது எந்த ஓல்ட் டிராஃபர்டு என்று தெளிவாக இருங்கள், கால்பந்து மைதானம் வேறு, கிரிக்கெட் மைதானம் வேறு, இரண்டும் நடக்கும் தூரத்தில் இருந்தாலும் நிறுத்தங்கள் வேறு. கிரிக்கெட் மைதானத்தில்தான் 1990இல் பதினேழு வயது டெண்டுல்கர் முதல் டெஸ்ட் சதம் அடித்தார். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆனதும் அங்கேதான். என் மைத்துனன் வாசலில் நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தான், நான் சிரிக்கவில்லை, எனக்கும் வலித்தது.

நகர மையத்துக்குள் இலவச பஸ் ஓடுகிறது. 1900இல் திறந்த ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் இலவசம், உள்ளே போனால் கோயில் பிராகாரம் மாதிரி இருட்டும் கல்லும். சாப்பாட்டுக்கு வில்ம்ஸ்லோ ரோட்டில் கறி மைல். பெயர்தான் கறி, இப்போது ஷவர்மாவும் கபாபும் ஜாஸ்தி, ஹலால் தேடுகிறவர்களுக்கு வசதி.

லிவர்பூல் ஒரு நாள். காலையில் ஆற்றங்கரையில் உள்ள பியர் ஹெட்டில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் சிலையோடு படம், அங்கிருந்தே மெர்சி ஆற்றில் படகு. படகு நகர்ந்து திரும்பும்போது லிவர் பில்டிங்கின் உச்சியில் இரண்டு செம்புப் பறவைகள் தெரியும், அதை முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் நிம்மதி. பக்கத்தில் லிவர்பூல் மியூசியம் இலவசம். மதியச் சாப்பாடு ஸ்கவுஸ். ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, உருளைக்கிழங்கு, கேரட் போட்டுக் குழைய வேகவைத்த குழம்பு, ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸோடு வரும். ஊர்க்காரர்களுக்கு ஸ்கவுசர் என்ற பெயர் இதனால்தான். கறி வாங்கக் காசில்லாத வீட்டில் காய்கறி மட்டும் போட்டுச் செய்ததற்கு "பிளைண்ட் ஸ்கவுஸ்" என்று பெயர். சைவக்காரர்கள் அதைக் கேளுங்கள், வேகவைத்த தண்ணீர் காய்கறிச் சாறுதானா என்றும் கேளுங்கள். மிளகுத்தூள் தாராளமாகப் போட்டால் நம் வீட்டு உருளைக்கிழங்கு ஸ்டூ.

படி 8: பர்மிங்காம்

இங்கே வருவது பால்டி என்ற குழம்புக்காக. 1970களில் இந்த ஊரின் பாகிஸ்தானியர்கள் உருவாக்கியது. மெல்லிய இரும்புச் சட்டியில், பெரிய தீயில் படபடவென்று சமைத்து, அதே சட்டியைக் கொதிக்கக் கொதிக்க மேசையில் வைப்பார்கள். வேறு தட்டில் மாற்றிக் கொண்டுவந்தால் அது பால்டி இல்லை. ஸ்பார்க்புரூக், லேடிபூல் ரோடு பக்கம் போங்கள். டேபிள் நான் என்ற ரொட்டி ஒன்று போதும், அது மேசை அகலத்துக்கு வரும், ஐந்து பேர் பிய்த்துச் சாப்பிடலாம். சட்டியைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு போர்ன்வில்லில் கேட்பரி வேர்ல்டு, முன்பதிவு கட்டாயம் செய்யுங்கள். பெரியவர்களுக்கு டிவிடேலில் பாலாஜி கோயில், 2006இல் திறந்தது, திருப்பதியை மனதில் வைத்துக் கட்டியது. டாக்ஸிதான் வசதி. குடும்பத்தில் எல்லோரும் சைவம் என்றால் பால்டியை விட்டுவிட்டு ஒரு நாள் லெஸ்டர் போய்வாருங்கள், ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்தி சைவக் கடைகளில் எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம், அந்த நிம்மதியே தனி. 2012இல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பைத் தோண்டி எடுத்த ஊரும் அதுதான்.

படி 9: பெட்டி கட்டும்போது

ஊருக்கு மிட்டாய் வாங்குவீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள், விமான நிலையத்தில் வேண்டாம். ஆனால் ஜெல்லி, மெல்லும் மிட்டாய், மார்ஷ்மெல்லோ எதுவானாலும் பாக்கெட்டைத் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஒரு ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா, இரண்டு பாக்கெட் தேயிலை, மிச்ச இடத்தில் பிள்ளைகள் ரயில் மியூசியத்தில் அடம் பிடித்து வாங்கிய மல்லார்ட் பொம்மை. அதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் புகைபோக்கி உடைந்துவிடும்.